ஜான் செல் காட்மன்: கிரீட்டா ஆற்றங்கரையில் ஒரு கோடை, அதற்குப் பிறகு 37 ஆண்டுகள்

மலைச்சாரல்:
ஆங்கில நிலக்காட்சி ஓவியம் என்று பேச ஆரம்பித்தால் இந்த மன்றத்தில் எல்லா உரையாடல் இழைகளும் டர்னரில் தொடங்கி கான்ஸ்டபிளில் முடிந்துவிடுகின்றன. இருவரும் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆறேழு ஆண்டு இளையவர் ஒருவர் இருந்தார். நீர்வண்ணத்தில் அவர் செய்த சில படங்களுக்கு இணையாக அந்த நூற்றாண்டில் எதையும் எனக்குக் காட்ட முடியவில்லை. ஜான் செல் காட்மன். 1782-இல் நாரிச் நகரில் பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழில் செய்து, பிறகு துணி வியாபாரத்துக்கு மாறியவர்.

மகன் ஓவியம் படிக்க ஆசைப்பட்டதும் அப்பா, அப்போது பெயர்பெற்றிருந்த ஓவியர் ஜான் ஓபியிடம் யோசனை கேட்டாராம். "ஓவியனாவதைவிடப் பூட்ஸுக்குக் கறுப்புப் பூசிப் பிழைக்கட்டும்" என்று பதில் வந்ததாகக் கதை. பையன் கேட்கவில்லை. 1798-இல், பதினாறு வயதில், லண்டனுக்குப் போய் ருடால்ஃப் ஆக்கர்மனின் அச்சுக்கடையில் படங்களுக்கு வண்ணம் பூசும் கூலி வேலையில் சேர்ந்தார். அப்புறம் டாக்டர் மன்ரோ வீட்டு மாலைக் கூட்டங்கள். இந்த மன்ரோ இளம் ஓவியர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, தன்னிடமிருந்த ஓவியங்களைப் பார்த்து வரையச் சொல்லிக் காசும் கொடுத்தவர். டர்னரும் தாமஸ் கிர்ட்டினும் அதே வீட்டில் தேறியவர்கள். 1800-இல் காட்மனின் படங்கள் லண்டன் ஓவியர்களின் தலைமை அமைப்பான ராயல் அகாதமியின் கண்காட்சியில் தொங்கின. அப்போது வயது பதினெட்டு.

நான் பேச நினைப்பது 1805-ஆம் ஆண்டு கோடையைப் பற்றி. இங்கிலாந்தின் வடக்கே கிரீட்டா என்று ஒரு சிறிய ஆறு. அதன் கரையில் ரோக்பி மாளிகை. அங்கே விருந்தாளியாகப் போன காட்மன், மாளிகையில் தங்கும் நாள் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் பாலத்தடி விடுதியில் இருந்துகொண்டு வரைந்தார். அங்கே பிறந்த படங்களில் ஒன்றுதான் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் 'கிரீட்டா பாலம்'. ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒற்றை வளைவுப் பாலம், அதன் நிழல் விழுந்த நீர், முன்னால் உருண்டைக் கற்கள், இருபுறமும் மரங்கள், மேலே மேகம். அவ்வளவுதான் பொருள். ஆனால் எல்லாம் தட்டையான வண்ணத் துண்டுகளாக, ஒன்றோடு ஒன்று விளிம்பு பொருந்தி நிற்கின்றன. ஒரு இலைகூடத் தனியாக வரையப்படவில்லை. மரம் மரமாகவே இருக்கிறது.

அப்போது அவருக்கு 23 வயது. இன்னும் 37 ஆண்டு வாழ்ந்தார். அந்த 37 ஆண்டுகளில் பெரும்பகுதி டியூஷன் எடுப்பதிலும் தேவாலயங்களைச் செம்புத் தகட்டில் செதுக்குவதிலும் கழிந்தது. இது வீணா, இல்லையா என்று இங்கே பேசலாமே. வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதுவாசகன்:
இவர் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நீங்கள் சொன்ன பாலப் படத்தை மியூசியத்தின் தளத்தில் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் பாதியில் நிறுத்திய படம் போலவும் தெரிகிறது. பாறைகளில் விவரமே இல்லை, நீரில் அலை இல்லை. இதை அந்தக் காலத்தில் முடிந்த படமாக ஏற்றுக்கொண்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்வண்ணன்:
நல்ல கேள்வி தம்பி. நான் நீர்வண்ணம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் கைவேலைப் பக்கமிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தட்டை வண்ணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். காட்மன் பென்சிலில் கோடு போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்கிறார். பலகையைச் சற்றுச் சாய்த்து, நிறைய நிறநீர் தோய்ந்த தூரிகையால் மேல் விளிம்பிலிருந்து இழுக்க வேண்டும். கீழ் ஓரத்தில் நிறநீர் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அதைத் தொட்டு அடுத்த இழுப்பு. விளிம்பு வந்ததும் மிச்ச நீரை ஒற்றி எடுத்துவிட வேண்டும். நடுவில் தயங்கினால் கறை விழும். திரும்பிப் போய்த் திருத்தினாலும் கறைதான். நாங்கள் இதை வாஷ் என்கிறோம். ஒரு வாஷ் முழுதும் காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்தது. மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போனால் தாளின் வெளிச்சம் செத்துவிடும், சேறாகத் தெரியும். காட்மன் பெரும்பாலும் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார். எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே தாளை அப்படியே விட்டுவிடுகிறார். வெள்ளை நிறம் எடுத்துப் பூசுவதில்லை.

அதனால் இந்தப் படத்தில் ஒவ்வொரு துண்டின் வடிவமும் தூரிகை தாளைத் தொடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பாறையில் விவரம் போடாதது சோம்பலால் அல்ல தம்பி. பாறையின் வெயில்பட்ட பக்கம் ஒரு நிறம், நிழல் பக்கம் இன்னொரு நிறம், இரண்டுக்கும் நடுவே கூர்மையான ஒரு விளிம்பு. அந்த விளிம்பு சரியாக விழுந்துவிட்டால் பாறையின் எடை வந்துவிடும். மேலே புள்ளியும் கீறலும் போட்டால் எடை குறையும். என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி காட்டுவது அதே 1805-இல் டன்கம் பூங்காவில் அவர் செய்த 'ட்ராப் கேட்' படம். ஓடைக்குக் குறுக்கே மாடு தாண்டாமலிருக்கத் தொங்கவிட்ட மரத்தடுப்பு. பழசு, உடைந்தது. இருட்டுப் பின்னணியில் வெளிறிய கட்டைகள். அந்தக் கட்டைகளைச் சுற்றியுள்ள இருட்டைத்தான் அவர் பூசியிருக்கிறார். கட்டைகள் தாமாகவே மிச்சப்பட்டு நிற்கின்றன. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று.

இன்னொரு விஷயம். பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே இவர் வித்தியாசமானவர். மாளிகையின் விருந்தாளி, மாளிகையை வரையாமல் ஓடையோரத்து உடைந்த தடுப்பை வரைகிறார்.

ஏடுபுரட்டி:
முடிந்த படமாக ஏற்றுக்கொண்டார்களா என்ற கேள்விக்கு வரலாற்றுப் பக்கமிருந்து பதில்: பெரும்பாலும் இல்லை.

நீர்வண்ண ஓவியர்கள் தங்களுக்கென்று லண்டனில் ஒரு சங்கத்தை 1804-இல்தான் தொடங்கினார்கள். எண்ணெய் ஓவியத்துக்குச் சமமாக நீர்வண்ணமும் மதிக்கப்பட வேண்டும் என்பது அவர்களுடைய போராட்டம். அதனால் கண்காட்சிச் சுவரில் தங்கச் சட்டத்துக்குள் நின்று தாக்குப்பிடிக்கும் அளவுக்கு அழுத்தமான, விவரம் நிறைந்த படங்களையே விரும்பினார்கள். 1806-இல் காட்மனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ராயல் அகாதமியில் படம் வைப்பதும் அந்த ஆண்டோடு நின்றுபோனது. 1806 கடைசியில் அவர் நாரிச்சுக்கே திரும்பிவிட்டார். சங்கத்தில் துணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1825-இல். கிட்டத்தட்ட இருபது ஆண்டு காத்திருப்பு.

ரோக்பியைப் பற்றி ஒரு சேர்க்கை. அதன் உரிமையாளர் மாரிட், கிரேக்க இலக்கியத்தில் ஊறியவர், டிராய் இருந்த நிலத்தையே நேரில் போய்ப் பார்த்து வந்தவர். எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நெருங்கிய நண்பர். 'ரோக்பி வீனஸ்' என்று இன்று உலகமே அறியும், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியம் சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்குத்தான் வந்தது. காட்மனை அங்கே கூட்டிப்போனது யார்க்‌ஷயர் பிராண்ட்ஸ்பியில் இருந்த சம்லி குடும்பம். 1803, 1804, 1805 மூன்று கோடைகளிலும் அவர்கள் வீட்டில் தங்கி அந்த வீட்டம்மாவுக்கும் பெண்களுக்கும் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். சம்பளக்காரராக நடத்தாமல் வீட்டுப் பிள்ளை போல வைத்துக்கொண்ட குடும்பம் அது. கிரீட்டா படங்களில் இருக்கும் நிதானத்துக்கு அந்த வீட்டின் அன்பும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து வண்ணம் தீட்டினாரா, அல்லது பென்சில் குறிப்போடு வந்து பிறகு அறையில் முடித்தாரா என்று அறிஞர்களிடையே வாக்குவாதம் உண்டு. 1805 நவம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில், இயற்கையைப் பார்த்து நேரடியாக வண்ணம் தீட்டுவதுதான் அந்தக் கோடையில் தன் முக்கியப் பயிற்சி என்று அவரே சொல்கிறார். ஆனால் நீர்வண்ணன் சார் சொன்ன மாதிரி ஒவ்வொரு வாஷும் காய்ந்து அடுத்தது போட வேண்டுமென்றால், வடக்கு இங்கிலாந்தின் ஈரக் காற்றில் ஆற்றங்கரையில் அது எப்படி நடந்திருக்கும்? நிறங்களை அங்கேயே பிடித்துக்கொண்டு, வடிவத்தை அறையில் இறுக்கியிருப்பார் என்பது என் எண்ணம்.

நீர்வண்ணன்:
ஈரக் காற்றில் வாஷ் காயத் தாமதமாகும், உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தாள்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்தால் நடக்கும். வெளியில் வரைபவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். 'கிரீட்டா பாலம்' மட்டும் அறையில் முடித்தது போலத்தான் எனக்கும் தெரிகிறது, அவ்வளவு அளந்து வைத்த அமைப்பு. ஆற்றோரத்து மரங்களையும் பாறைகளையும் நெருக்கத்தில் பார்த்த சிறு படங்களில் பலவற்றை அங்கேயே தீட்டியிருக்க வேண்டும். இலைகளுக்கு நடுவே வரும் அந்தப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தை நினைவிலிருந்து கொண்டுவர முடியாது.

தூரிகைக்காரி:
இந்த இழையைத் தொடங்கிய தோழிக்கு நன்றி. இவருடைய படங்களை முதலில் பார்த்தபோது ஜப்பானிய மரக்கட்டை அச்சுகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. அதே தட்டை நிறம், அதே வெட்டிய விளிம்பு. காலத்துக்கு நூறு ஆண்டு முன்னால் இருந்தவர் என்று சொல்லலாமா? 'சர்க் கால்வாய்ப் பாலம்' படத்தைப் பாருங்கள், ஒரு கால்வாயையே தூக்கிச் செல்லும் பாலம். அன்றைக்குப் புத்தம் புதிய பொறியியல் அதிசயம் அது, 1801-இல்தான் கட்டி முடித்தார்கள். மொத்தம் பத்து வளைவுகள். காட்மனோ அவற்றில் சிலவற்றை மட்டும் நெருக்கமாக எடுத்து, அதிசயம் என்ற ஆரவாரமே இல்லாமல், ஒரு பழைய ரோமானியச் சுவர் போல நிறுத்தியிருக்கிறார். கீழே தண்ணீரில் அதன் நிழல்.

ஏடுபுரட்டி:
ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானிய அச்சுகள் ஐரோப்பிய ஓவியர்கள் கையில் பரவலாகக் கிடைத்தது 1850-களுக்குப் பிறகு. காட்மன் இறந்தது 1842-இல். அவருடைய தட்டைத்தன்மைக்கு வேர் அவர் ஊரிலும் தொழிலிலுமே இருக்கிறது. கிர்ட்டின் அகலமான, அமைதியான வாஷ்களில் மலைவெளியைத் தீட்டிக் காட்டிவிட்டு 1802-இல் 27 வயதில் இறந்துபோனார். கிர்ட்டினின் நண்பர்கள் நடத்திய வரைகுழுவில் காட்மனும் இருந்தார். மாலையில் கூடி, ஒரு கவிதை வரியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு நிலக்காட்சி வரைவார்கள்.

அப்புறம் ஆக்கர்மன் கடை வேலை. அங்கே அவர் வண்ணம் பூசியது அக்வாடின்ட் என்ற செம்புத் தகட்டு அச்சுகளுக்கு. அக்வாடின்டில் நிழல் படிப்படியாகத்தான் வரும், ஒவ்வொரு படியும் ஒரே சீரான தொனி. நாள் முழுக்க அந்தப் படிகள்மேல் சீராக நிறம் பூசிய பதினாறு வயதுப் பையனின் கை என்ன கற்றிருக்கும்? கூலி வேலை என்று தள்ளிவிட்டுப் போகிறோம், ஆனால் கிரீட்டாவின் பாதி அந்தக் கடையிலேயே உருவாகிவிட்டது என்பேன்.

'காலத்துக்கு முன்னால்' என்ற பாராட்டு எனக்கு உவப்பில்லை. அவரைப் பின்னால் வந்தவர்களின் முன்னோட்டமாகச் சுருக்கிவிடுகிறது. 20-ஆம் நூற்றாண்டில் எரிக் ராவிலியஸ் போன்ற ஆங்கில ஓவியர்கள் அவரை ஆசையோடு பார்த்துக் கற்றார்கள் என்பது வேறு செய்தி.

தூரிகைக்காரி:
அக்வாடின்ட் விஷயம் நான் யோசிக்காதது. சரி, அவருடைய டியூஷன் வாழ்க்கைக்கு வருகிறேன். மலைச்சாரல் அதை வீண் என்கிறார். நானும் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவள், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாரிச்சுக்குத் திரும்பியதும் அவர் ஒரு ஓவியப் பள்ளி தொடங்கினார். 1809-இல் ஆன் மைல்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் ஒரு புதிய ஏற்பாட்டையும் அறிவித்தார்: ஓவியங்களுக்கு ஒரு சுற்றுநூலகம். காலாண்டுக்கு ஒரு கினி (ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும்) சந்தா. கட்டினால் அவருடைய 600 ஓவியங்களிலிருந்து வேண்டியதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து வரைந்துவிட்டுத் திருப்பித் தரலாம். படங்களில் அவர் போட்ட எண்களை இன்றும் பல சேகரிப்புகளில் பார்க்கலாம். வாத்தியார் வீட்டு வாசலில் உட்கார வசதி இல்லாதவர்களுக்கும், வெளியூரில் இருப்பவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி! நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் நல்ல ஒரு மூலப்படத்தைக் கண்ணால் பார்க்கக்கூட மாணவர்களுக்கு வழி இல்லாமல் இருந்தது. கறுப்பு வெள்ளை நகலைக் காட்டித்தான் வண்ணம் கற்பித்தேன். ஆகவே இந்த 600 படங்கள் ஊரில் கைமாறிக்கொண்டிருந்ததை வீண் என்று சொல்ல என்னால் முடியாது.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. மாணவர்களின் நகல்கள் ஏராளம். அவருடைய மகன்கள் மைல்ஸ் எட்மண்டும் ஜான் ஜோசஃபும் ஓவியர்களே, அப்பாவோடு சேர்ந்து கற்பித்தவர்கள். அதனால் எது அப்பாவின் கை, எது மகனின் கை, எது மாணவரின் கை என்று பிரிப்பது இன்றும் தலைவலி.

கல்தச்சன்:
இத்தனை பேர் பேசியும் செதுக்கு அச்சுகளைப் பற்றி ஒருவரும் அன்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவன். எனக்குக் காட்மன் அறிமுகமானதே அந்த அச்சுகள் வழியாகத்தான். கிரீட்டா பாலத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

எட்சிங் தெரியாதவர்களுக்கு: செம்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சு. அதை ஊசியால் கீறினால் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் வைத்தால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அழுத்தினால் கோடு விழும். பல ஓவியர்கள் வரைந்து கொடுத்துவிடுவார்கள், செதுக்குவது வேறொரு தொழிலாளி. காட்மன் தன் தகடுகளைத் தானே செதுக்கினார். இத்தாலியச் செதுக்கோவியர் பிரானேசியின் ரோமாபுரி அச்சுகள் அவருக்கு வழிகாட்டி. 1811-இல் முதல் தொகுப்பு. 1818-இல் நார்ஃபோக் மாவட்டத்தின் பழைய கட்டடங்கள். அப்புறம் நார்மண்டி. 1817, 1818, 1820 என்று மூன்று முறை கடல் தாண்டிப் போனார். நெப்போலியன் போர் முடிந்து பிரான்ஸின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. 1822-இல் நூறு தகடுகளோடு நார்மண்டித் தொகுப்பு வெளியானது.

முதல் பயணத்தில், பழம்பொருள் ஆய்வாளர் ஹென்றி எங்கிள்ஃபீல்ட் கொடுத்த கேமரா லூசிடா கையில் இருந்தது. சின்ன ஒரு பட்டகம், அதன் வழியே பார்த்தால் எதிரில் இருக்கும் கட்டடமும் கையிலிருக்கும் தாளும் சேர்ந்து தெரியும். கோபுரத்தின் விகிதத்தைப் பிழையில்லாமல் பிடிக்க அது உதவும். ஆனால் அச்சில் வரும் கனம் எந்தக் கருவியிலிருந்தும் வராது. ஒரு நார்மன் வாசலின் அடுக்கு வளைவுகளைக் காட்மன் செதுக்கினால், கல் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே மழைநீர் வழிந்து கறுத்திருக்கிறது, எந்தக் கல்லைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்பது வரை எனக்குப் படிக்க முடிகிறது. 1944-இல் நார்மண்டியின் பல ஊர்கள் குண்டுவீச்சில் சிதைந்தன. அதற்கு முன் 19-ஆம் நூற்றாண்டுப் புதுப்பித்தல்களே நிறைய மாற்றிவிட்டன. அந்த மாற்றங்களுக்கெல்லாம் முந்தைய நிலையைக் காட்டும் சாட்சி இந்தத் தகடுகள்.

விவரத்தை விட்டுவிடத் தெரிந்தவர் விவரத்தில் அடைபட்டுக்கிடந்தார் என்பதுதானே குற்றச்சாட்டு? எதை விடுவது என்று தெரிந்தவர் என்பதால்தான் அவர் செதுக்கிய வாசல் கணக்குப்பிள்ளை எழுதிய பட்டியல் போல இல்லாமல் வாசலாகவே நிற்கிறது.

மலைச்சாரல்:
கல்தச்சன் அண்ணா, அச்சுகளின் தரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மனக்குறை டாசன் டர்னர் மேல். (புதியவர்களுக்கு: இவர் வேறு, ஓவியர் டர்னர் வேறு.) கிரேட் யார்மத் ஊர் வங்கிக்காரர், தாவரவியலாளர், பழம்பொருள் ஆய்வாளர். மனைவிக்கும் மகள்களுக்கும் ஓவியம் சொல்லிக்கொடுக்கக் காட்மனை 1812-இல் யார்மத்துக்கே குடிவரச் செய்தார். நிலையான வருமானம் கிடைத்தது, உண்மை. ஆனால் கட்டடங்கள் பக்கம், ஆய்வுப் பதிவுகள் பக்கம் அவரை இழுத்தது அந்த ஆதரவுதான். நார்மண்டி நூலுக்கு உரை எழுதியதும் டாசன் டர்னரே. பத்துப் பதினோரு ஆண்டு. 30 வயது முதல் 41 வயது வரை! ஒரு நீர்வண்ணக்காரருக்குக் கை பழுத்து நிற்கும் வயது. அந்த வயதில் அவரை அமிலப் புகையில் உட்கார வைத்தார்களே என்றுதான் வருத்தம்.

1808 வாக்கில் செய்த 'உழுத வயல்' படத்தைப் பாருங்கள். லீட்ஸில் இருக்கிறது. உழுசால்களின் செம்மண் நிறமும் தூரத்து இருட்டும் மட்டும்தான். அந்த வழியிலேயே இன்னும் பத்து ஆண்டு போயிருந்தால்?

பசுங்கிளை:
குறுக்கே ஒரு சின்னத் தகவல். அந்த டாசன் டர்னரின் மூத்த மகள் மரியாவை 1815-இல் மணந்தவர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், பிற்காலத்தில் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர். நம் பக்கத்துத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட், சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பிய தாவரப் படங்களை அச்சிட்டு வெளியிட்டவர் இதே ஹூக்கர்தான். அந்தப் படங்களை வரைந்தவர் ரங்கையா என்ற நம் நாட்டு ஓவியர். ஓவியம் கற்ற யார்மத் வீட்டுப் பெண்ணின் குடும்பத்துக்கும் ரங்கையாவின் தூரிகைக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. தலைப்பிலிருந்து விலகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏடுபுரட்டி:
விலகல் இல்லை, சந்தோஷமான செய்தி.

மலைச்சாரலின் வருத்தம் புரிகிறது. ஆனால் டாசன் டர்னர் இல்லாத ஒரு காட்மனை நினைத்துப் பார்க்கும்போது, சந்தையையும் சேர்த்து நினைக்க வேண்டும். 'உழுத வயல்' போன்ற படங்களை வாங்க ஆள் இல்லை. நாரிச் ஓவியர்கள் நல்லவர்கள், அவர்களுக்கென்று ஓவியர் ஜான் குரோம் 1803-இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார், லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் அப்படி ஒரு சங்கம் புதிது. காட்மன் 1811-இல் அதன் தலைவராகவும் இருந்தார். ஆனால் அந்த ஊர்ப் பணக்காரர்கள் வாங்கியது குறைவு. குரோமே கடைசி வரை ஓவிய வாத்தியாராகத்தான் பிழைத்தார். காட்மனுக்கோ கையில் குழந்தை, வாடகை வீடு. யார்மத் அழைப்பை மறுத்திருந்தால் படங்கள் பெருகியிருக்குமா, கடன் பெருகியிருக்குமா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. டாசன் டர்னர் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் கொண்டவர். காட்மன் தனக்கு எழுதியவற்றையும் பத்திரப்படுத்தினார். காட்மனின் உள்ளத்தை நாம் இன்று அறிவது பெரும்பாலும் அவற்றின் வழியாகவே. படிக்கக் கஷ்டமான கடிதங்கள் உண்டு. ஒரு வாரம் உற்சாகத்தின் உச்சியில் இருப்பார், திட்டம் மேல் திட்டம் போடுவார். அடுத்த சில வாரங்களில் எழுந்திருக்கவே தெம்பில்லாத இருள். இன்றைக்கு மருத்துவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அவருக்குக் கிடைத்ததெல்லாம் பொறுத்துக்கொண்ட மனைவியும் சில நண்பர்களும்தான். மகன் ஜான் ஜோசஃபையும் அதே துன்பம் பிடித்தது. யார்மத் ஆண்டுகளை எடைபோடும்போது, இப்படி ஒரு மனதுக்கு நிலையான வேலையும், முடிக்க வேண்டிய நூறு தகடுகளும் ஒரு பிடிமானமாக இருந்திருக்குமோ என்றும் யோசிக்க வேண்டும்.

மலைச்சாரல்:
கடிதங்களைப் பற்றிச் சொன்னது நெஞ்சைத் தொட்டது. பிடிமானம் என்ற வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 1823 முடிவில் நாரிச்சுக்குத் திரும்பி வந்தபோதும் அதே இருள், அதே கடன். வீட்டிலிருந்த படங்களையும் பொருள்களையும் 1834-இல் ஏலம் விட்டுத்தான் லண்டனுக்குக் கிளம்பினார். பதினோரு ஆண்டு உழைப்பு அவரைப் பணத்திலும் காப்பாற்றவில்லை, மனத்திலும் காப்பாற்றவில்லை.

ஏடுபுரட்டி:
காப்பாற்றவில்லை என்பது சரி. கெடுத்தது என்று சொல்லத்தான் எனக்கு ஆதாரம் போதவில்லை. இந்த இடத்தில் நாம் இருவரும் வேறுபட்டே இருக்கலாம்.

நீர்வண்ணன்:
கிரீட்டாவுக்குப் பிறகு நீர்வண்ணமே இல்லை என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடாது. 1830-களில் அவர் ஒரு புது வழி கண்டார். வண்ணத்தோடு மாவுப் பசையைக் கலந்தார். பசை சேர்ந்ததும் நிறம் ஓடாது, கெட்டியாக நிற்கும், ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுக்கலாம், கீறலாம். எண்ணெய் ஓவியத்தின் ஆழமும் வரும். நிறங்களும் மாறின. அடர் நீலம், பொன் மஞ்சள், சில நேரம் கண்ணைக் கூசவைக்கும் சிவப்பு. கிரீட்டாவின் அமைதியை விரும்புபவர்களுக்கு இவை முரட்டுத்தனமாகத் தெரியலாம். எனக்கும் எல்லாம் பிடிக்காது. ஆனால் ஐம்பது வயதில், ஒரு காலத்தில் தான் உச்சம் தொட்ட முறையைத் தூக்கி ஒதுக்கிவிட்டு முற்றிலும் வேறொன்றை முயல்வதற்குத் தைரியம் வேண்டும்.

1834-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை. ஓவியர் டர்னர் அவருக்காகப் பேசினார். அங்கே மாணவராக இருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் ஓவியராகவும் கவிஞராகவும் பெயர்பெற்ற டான்ட்டே கேப்ரியல் ரோசெட்டி.

1841 இலையுதிர் காலத்தில் கடைசி முறையாக நார்ஃபோக் போனார். கறுப்புச் சுண்ணக்கட்டியால் பல படங்கள் செய்தார். 'வெள்ளத்தில் மிதக்கும் வெளி' என்று சொல்லத்தக்க ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. காற்றும் நீரும் ஒன்றாகிக் கிடக்கும் தாழ்நிலம். அப்பா வீட்டிலிருந்து தெரிந்த தார்ப் ஊர்க் காட்சியை எண்ணெயில் பெரிதாகத் தொடங்கினார், முடியவில்லை. 1842 ஜூலை 24 அன்று இறந்தார். என்னைக் கேட்டால், தட்டை வாஷ், செதுக்கு, பசை, சுண்ணக்கட்டி என்று எல்லாவற்றிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு குறைவாகச் சொன்னால் இடம் முழுதாக வரும்?

கல்தச்சன்:
அச்சுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி சார்.

புதுவாசகன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. என் அக்கா இங்கிலாந்தில் இருக்கிறார், அடுத்த கோடையில் போகும் வாய்ப்பு இருக்கிறது. காட்மனை நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும்?

மலைச்சாரல்:
முதலில் நாரிச். அங்கே மேட்டில் இருக்கும் நார்மன் கோட்டை நெடுங்காலம் சிறையாக இருந்து 1894-இல் மியூசியமானது. கடுகு வியாபாரத்தில் பெயர்பெற்ற கோல்மன் குடும்பத்தின் ரஸ்ஸல் ஜேம்ஸ் கோல்மன், தான் சேர்த்த நாரிச் ஓவியங்களையெல்லாம் அந்த ஊருக்கே எழுதிவைத்தார். 1946-இல் அவை அங்கே வந்தன. காட்மனின் படங்கள் மிகுதியாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. 1810-இல் அவர் அதே கிரீட்டா பாலத்தை இன்னும் அகலமாக மறுபடி தீட்டிய படமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பாலங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து ஆண்டில் கை எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும்.

1805 பாலம் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில். நாரிச் மியூசியத்தின் காப்பாளர் ஜேம்ஸ் ரீவ் பாடுபட்டுச் சேர்த்ததை 1902-இல் வாங்கியபோது வந்தது. காட்மன் பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்ததில் அந்த ரீவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் லீட்ஸ், அங்கே காட்மனின் வரலாற்றை எழுதிய சிட்னி கிட்சனின் சேகரிப்பு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், அதிலும் அவுரி நீலம் சீக்கிரம் போய்விடும். அதனால் இந்தப் படங்களை எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை, பெட்டியில்தான் இருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சு, வரைபடப் பிரிவின் படிப்பறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கினால் மேசையில் எடுத்து வைப்பார்கள். கண்ணாடி இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில். நாரிச்சுக்கும் போகும் முன் எது மாட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போய் வந்ததும் 'ட்ராப் கேட்' பற்றி இங்கே எழுத மறக்காதீர்கள். திரையில் கறுப்பாகத் தெரியும் அந்த இருட்டுக்குள் எத்தனை நிறங்கள் என்று நேரில் பார்த்தவர் வாயால் கேட்க எனக்கு ஆசை.